ஆவூர்ப் பெரியவர்களுக்கு, சிங்கப்பூரிலிருந்து

ஆவூர் அண்ணன்மார்களுக்கும் சித்தப்பா, பெரியப்பாமார்களுக்கும் ஊர்ப் பெண் ஒருத்தி எழுதுவது.

ஈஸ்டருக்குப் பாஸ்கா நாடகம் பார்க்க வந்து திரும்பியவளுக்குத் தேரைவிட அதிகம் மனதில் நிற்பது ஒரு சைக்கிள். ஊர்ப் பிள்ளை ஒருத்தி பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் ஆட்டுக்கொட்டகையில் நிற்கிறது. ஹேண்டில்பாரில் ஆட்டுக்கு அகத்திக் கட்டு தொங்குகிறது. அதற்குச் சொந்தக்காரி போன வருஷமே பிளஸ் டூ தேறியவள். திருச்சியில் கல்லூரிக்கு அனுப்ப வீட்டில் மனமில்லை. "நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க" என்கிறார் அவள் அப்பா.

இது புதுக்கோட்டைச் சீமையில் கேட்கிற பேச்சா? 1991-ல் கலெக்டர் ஷீலாராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. முதலில் ஏறியவர்கள் கேட்ட கேலியும் கெட்ட வார்த்தையும் கொஞ்சமல்ல. லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் ஓட்டும் வண்டியையே எடுத்தார்கள். முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கல்குவாரிப் பெண்கள் ஓட்டினார்கள், நர்ஸுகளும் ஆசிரியைகளும் ஓட்டினார்கள். லட்சத்துக்கு மேல் கற்றுக்கொண்ட பிறகு யாரைப் பார்த்துச் சிரிப்பது? ரோடு அதே ரோடுதான். பெண் சைக்கிள் ஓட்டுவதில் தப்பில்லை என்று ஊர் நினைக்கத் தொடங்கியிருந்தது.

பீகாரில் 2006-ல் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடியதாகக் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆய்ந்து எழுதினார்கள். நம்மிடம் சைக்கிளும் இருக்கிறது, கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டமும் இருக்கிறது. மனம் மட்டும், பெண் என்பதால் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேரக் கூடாதென்று சண்டை போட்டவர்கள் காலத்திலேயே நிற்கிறது. அன்று ராஜா சேர்த்துக்கொண்டார். 1912-ல் முத்துலட்சுமி டாக்டரானார்.

ஊரை விட்டுப் போனவளுக்கு என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நியாயம்தான். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக்கொடுப்பவர்கள் நீங்கள். இவள் போனில் விசாரிப்பதோடு சரி. ஆனால் இதே ஆவூர்ப் பெண் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்த்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறித்தான் வீடு போகிறாள். அந்தச் சம்பளத்தில் ஊரில் வீடு எழும்பியபோது யாரும் நாலு விதமாகப் பேசவில்லை.

கல்லூரிகளில் சேர்க்கை தொடங்கப்போகிறது. பெரியப்பா, அந்தப் பிள்ளையை விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். ஹாஸ்டல் செலவை ஊரை விட்டுப் போன இவள் பார்த்துக்கொள்கிறாள்.