மூணரை வட்டியும் மினிமம் டியூவும்

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா மனசுல உறுத்திக்கிட்டு இருக்கிற ஒண்ணை இன்னிக்கு எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன். கொஞ்சம் காரமா இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

போன வாரம் சக பதிவர் ஒருத்தர் கிரெடிட் கார்டு பத்தி எழுதியிருந்தார். எந்தக் கார்டுல எவ்வளவு பாயின்ட், ஏர்போர்ட் லவுஞ்சுல ஓசி இட்லி எப்படி சாப்பிடறது, இப்படி எல்லாம் சொல்லிட்டு கடைசியில ஒரு வரி: "கார்டு கடன்ல மாட்டுறவங்க ஒழுக்கம் இல்லாதவங்க, தகுதிக்கு மீறி போன் வாங்கினவங்க." படிச்சதும் சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா மாட்டினவன் நான். வாங்கினது போன் இல்லை. அரிசி, பருப்பு, அம்மாவோட சுகர் மாத்திரை.

ஆரணி பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், எங்க தெருவுல வீட்டுக்கு ஒரு தறி உண்டு. அப்பா குழித்தறியில உட்கார்ந்து நெய்வார், அம்மா தார் சுத்துவாங்க. பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், சேலைய நெஞ்சு கொடுத்தா கூலி. நல்லது கெட்டதுக்கு முதலாளிகிட்ட முன்பணம் வாங்கியிருப்போம், அது அடையற வரைக்கும் வேற முதலாளிக்கு நெய்ய முடியாது. இந்தக் கட்டு வேணாம்னுதான் என்னை இஞ்சினியரிங் படிக்க வெச்சாங்க. 2018ல முடிச்சு சென்னையில பொட்டி தட்டப் போனேன். அடுத்த வருஷமே ஒரு வங்கி (பேர் வேணாம்) போன்லயே பேசி கார்டு கொடுத்துச்சு, லிமிட் 40,000. எட்டு மாசத்துல ஒரு எஸ்எம்எஸ்: "வாழ்த்துக்கள், உங்கள் லிமிட் 1,20,000 ஆக உயர்த்தப்படுகிறது." சரின்னு அமுக்கினது நான்தான், அதை மறைக்கலை. சம்பளம் உயரலை, லிமிட் மட்டும் மூணு மடங்கு. இதை யாராவது வாழ்த்துன்னு சொல்வாங்களா?

2020 மார்ச்சுல ஊரடங்கு. கல்யாணம் இல்லைன்னா பட்டுச்சேலை எதுக்கு? முதலாளி பாவு தர்றதை நிறுத்திட்டார், தறி நின்னுச்சு. எனக்கு சம்பளத்துல வெட்டு. வீட்டுச் செலவு கார்டுல ஓடிச்சு. அப்போதான் ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்னைக்கு மூணு மாசம் தவணை தள்ளிவைப்பு அறிவிச்சு, அப்புறம் அதை ஆகஸ்ட் 31 வரைக்கும் நீட்டிச்சுது. டிவியில எல்லாரும் "கட்ட வேண்டாம், கட்ட வேண்டாம்"னாங்க. கார்டுக்கும் உண்டு. ஆனா வட்டி நிக்கலை, ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. இஞ்சினியரான எனக்கே அது ஸ்டேட்மென்ட் பார்த்துத்தான் உறைச்சுது, அவ்வ்வ்வ். பின்னாடி வட்டிக்கு வட்டியைத் திருப்பித் தரோம்னு, கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கொடுத்தாங்க. எனக்கு வந்தது சில நூறு ரூபாய்.

பாக்கி ஒரு லட்சத்தைத் தொட்டுச்சு. இப்போ கணக்கைப் பாருங்க. மாசம் 3.5 சதவீதம்னா வட்டி 3,500. அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 630. ஆக 4,130. மினிமம் டியூ 5 சதவீதம், அதாவது 5,000. பல்லைக் கடிச்சு 5,000 கட்டினா அசல்ல குறையுறது 870 ரூபாய்! அது மட்டுமில்லை, முழுசா கட்டாதவனுக்கு வட்டியில்லா நாளும் கிடையாது. புதுசா வாங்குற மாத்திரைக்கும் வாங்கின அன்னைக்கே வட்டி ஆரம்பம். "மினிமம் டியூ"ன்னு பேர் வெச்சவன் பெரிய ஆளுங்க. ஏதோ அதைக் கட்டிட்டா கடமை முடிஞ்ச மாதிரி ஒரு நிம்மதியைக் கொடுக்குது பாருங்க.

அப்பாகிட்ட சொன்னப்போ சதவீதம் எல்லாம் அவருக்குப் புரியலை. "நூத்துக்கு எவ்வளவுடா?"ன்னார். மூணரைன்னேன். "இன்னாடா இது, மூணரை வட்டியா? அடகுக் கடையிலயே ரெண்டு வட்டிதானேடா!"

அந்த ஒரு கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லை. உங்ககிட்ட இருக்கா?

எங்க மாநிலத்துல 2003லயே கந்துவட்டி தடைச் சட்டம் வந்தாச்சு. தண்டல், மீட்டர் வட்டி, மணிநேர வட்டின்னு வகை வகையா பேர் சொல்லித் தடை பண்ணியிருக்கு. தெருவுல ஒருத்தர் மூணரை வட்டி வாங்கினா நாம கந்துவட்டின்னு திட்டுவோம். அதையே வங்கி வாங்கினா? வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துல 1984ல சேர்த்த 21ஏ பிரிவு இருக்கு, வட்டி அதிகம்ங்கிற காரணத்துக்காக நீதிமன்றம் வங்கிக் கடன் கணக்கைத் திரும்பக் கிளறக் கூடாதுன்னு. 2008ல தேசிய நுகர்வோர் ஆணையம் கார்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல வாங்குறது நியாயமில்லாத வணிகம்னு சொல்லுச்சு. 2024 டிசம்பர் 20ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிடுச்சு, அது ரிசர்வ் வங்கியோட எல்லைன்னு. ரிசர்வ் வங்கியோ வட்டியை வங்கிகளே தீர்மானிக்கலாம்னு விட்டிருக்கு. பந்து யார் காலடியிலயும் நிக்க மாட்டேங்குது. இதே நாட்டுல அப்பா மாதிரி நெசவாளருக்கு முத்ரா கடன் 6 சதவீதத்துல உண்டு, மீதி வட்டியை அரசாங்கம் பார்த்துக்கும். ஆனா அந்தக் கடனுக்கு எத்தனை கையெழுத்து, எத்தனை நடை! 42 சதவீதத்துக்கு ஒரு போன் கால்.

2021ல வேலை போச்சு. மூணு மாசம் கட்டலை. அப்புறம்தான் வசூல் பார்ட்டி. எனக்கு போன் பண்ணினா பரவாயில்லை, கடன் வாங்கினவன் நான். ராத்திரி எட்டரைக்கு அப்பா நம்பருக்குப் பண்ணி, "உங்க பையன் ஏமாத்துக்காரன், தெருவுக்கு வந்து எல்லார்கிட்டயும் சொல்லவா?"ன்னு கேட்டிருக்காங்க. அப்பா அன்னைக்கு சாப்பிடலை. அடுத்த ரெண்டு நாள் வாசல் பக்கமே வரலை.

வசூலுக்கு அடியாள் கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2007லயே சொன்னது. ஏஜென்ட்டோட நடத்தைக்கு வங்கிதான் பொறுப்புன்னு ரிசர்வ் வங்கி 2008லயே விதி போட்டது. 2022 ஆகஸ்ட்டுல இன்னும் தெளிவா, காலை 8க்கு முன்னாடியும் சாயங்காலம் 7க்கு அப்புறமும் போன் கூடாது, வீட்டு ஆளுங்களையும் நண்பர்களையும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு வந்துச்சு. விதி இருக்கு சாமி. அது இருக்குன்னு அப்பாவுக்கு யார் சொன்னது?

கடைசியில அம்மா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தாங்க, வளையல் ரெண்டும் அடகுக் கடைக்குப் போச்சு. ரெண்டு வட்டிக்கு வாங்கி மூணரை வட்டியை முழுசா அடைச்சோம். "பாதி கட்டுங்க, முடிச்சுக்கலாம்"னு அந்த ஏஜென்ட் கூப்பிட்டார்தான். என் ரூம்மேட் அப்படித்தான் முடிச்சான். சிபில் அறிக்கையில "செட்டில்டு"ன்னு விழுந்திருக்கு, "க்ளோஸ்டு" இல்லை. இப்போ வீட்டுக்கடன் கேட்டா ஒவ்வொரு வங்கியும் அந்த வார்த்தையைக் காட்டித் திருப்பி அனுப்புது. அந்த வித்தியாசத்தை எந்த ஏஜென்ட்டும் சொல்ல மாட்டார்.

கார்டே வேணாம்னு நான் சொல்ல வரலை. மாசாமாசம் முழுசா கட்டுறவங்களுக்கு அது நல்ல வசதி. ஆனா நண்பரே, நீங்க சாப்பிட்ட ஓசி இட்லிக்குக் கொஞ்சம் காசு எங்க அம்மா வளையல்ல இருந்தும் வந்திருக்கு. அடுத்த தடவை பாயின்ட் கணக்கு போடும்போது அந்த 870 ரூபாய் கணக்கையும் ஒரு பத்தி போடுங்க. ராத்திரி போன் வந்தா முதல்ல வங்கிக்கே எழுத்துல புகார், 30 நாள்ல சரியா பதில் வரலைன்னா ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேன், உதவி எண் 14448, இதையும் போடுங்க. ஒழுக்கம் பத்தின அந்த வரியை மட்டும் எடுத்துடுங்க.

டிஸ்கி: வளையல் போன வருஷம் திருப்பியாச்சு. ஒண்ணுல லேசா நெளிசல்.