கெட்டில் வெந்நீரில் ஸ்நானம்

கொல்லைப்புறத்தில் செப்புப் பாய்லரை நிறுத்தி, நடுக்குழாயில் கொட்டாங்கச்சியைப் போட்டு எரித்து வீட்டார் அனைவருக்கும் வெந்நீர் போட்ட காலம் கழிந்து, மாடியில் ஒற்றை அறையில் குடியிருப்பவர் காப்பிக்கென வாங்கிய மின்சாரக் கெட்டிலிலேயே மார்கழி ஸ்நானத்துக்கும் ஜலம் காய்ச்சிக்கொள்ளும் காலம் வந்திருக்கிறது. இதைக் கண்ட பெரியவர்கள் மின்சாரக் கட்டணத்தைச் சொல்லி ஆட்சேபிப்பது வழக்கமாயினும், அந்த ஆட்சேபத்தில் நியாயம் சொற்பமே. 15 லிட்டர் கொண்ட ஒரு வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 42 டிகிரிக்கு உயர்த்த, எந்த உபகரணமாயினும், ஏறக்குறைய 0.3 யூனிட் மின்சாரம் வேண்டும்; ஒருவர் குளிப்பதற்காக இரவெல்லாம் கீசரை ஓடவிட்டு அதன் சூட்டைச் சுவருக்குத் தானம் செய்வதைவிடக் கெட்டில் சிக்கனமானதென்றே சொல்லலாம்.

விசாரப்பட வேண்டியது வேறு விஷயம். சாதாரணக் கெட்டில், நீர் கொதித்து எழும் ஆவி உள்ளேயிருக்கும் உலோகத் தகட்டை வளைத்த பிறகே தானாக அணைவதாகையால், இளஞ்சூட்டில் நிற்க அதற்குத் தெரியாது. அந்த ஒரு வாளிக்கு ஏறக்குறைய மூன்றரை லிட்டர் கொதிநீர் வேண்டும். அதாவது ஒன்றரை லிட்டர்க் கெட்டிலை மும்முறை நிரப்பி, ஈரத் தரையில், குழந்தைகள் குறுக்கே ஓடும் வழியில் சுமந்து செல்ல வேண்டும். 60 டிகிரி நீரே சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடுமெனில், நூறு டிகிரியைப் பற்றிச் சொல்லவா வேண்டும்!

இண்டக்‌ஷன் அடுப்பில் அகன்ற பாத்திரம் வைத்து, வேண்டிய சூட்டில் நிறுத்திக்கொள்ளலாம். (பாட்டி சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைத் தவலையை அது ஏற்பதில்லை என்பது வேறு வருத்தம்.) ஆனால் 2000 வாட் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும், பல வாடகை வீடுகளின் சமையலறையில் இருப்பதோ 6 ஆம்பியர் பிளக். 1500 வாட் கெட்டிலே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. பிளக் கருகி வாடை வந்த பின்னும் வீட்டுக்காரர், “எதற்கு இதையெல்லாம் போடுகிறீர்கள்?” என்று குடித்தனக்காரரையே கடிந்துகொள்கிறார். வாளியில் தொங்கவிடும் ஹீட்டர் ராடோ, சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்காமல் விரலால் சூடு பார்ப்பவரின் உயிரையே கேட்டுவிடக் கூடியது. அதை நான் எவருக்கும் சிபாரிசு செய்யேன்.

பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் உரிமையாளர், சரியான எர்த்துடன் ஒரு 16 ஆம்பியர் பிளக்கையும், மின்கசிவு கண்டால் அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு சுவிட்சையும் பொருத்தித் தருவது தர்மமாகாது, கடமையாகும். அதுவரை, கொதிநீரைக் குளியலறைக்குத் தூக்கிச் செல்லாமல், பாதி வாளிப் பச்சைத் தண்ணீரைச் சமையலறைக்குக் கொண்டுவந்து, அங்கேயே கலந்து, கை பொறுக்கும் சூட்டில் எடுத்துச் செல்வது நல்லது.