சேருமிடம் சேரும் மருந்து

மருந்து என்பது யாது? நோயைத் தீர்க்கும் பொருள் என்று விடை கூறுதல் எளிது. ஆயினும் அவ்விடை முழு உண்மை ஆகாது. நோய் உள்ள இடத்தை அடைந்து, வேண்டிய அளவில், வேண்டிய காலம் வரையில் நின்று தொழிற்படும் பொருளே மருந்தாகும். இடமும் அளவும் தவறினால் அதுவே நஞ்சாகிவிடும். புற்றுநோய்க்கென ஊசி வழியாகச் செலுத்தப்படும் மருந்துகள் பல, குருதியோடு கலந்து உடலெங்கும் ஓடுகின்றன. களை பறிக்கச் சென்றவன் பயிரையும் சேர்த்துப் பறித்தது போல, அவை நோயுற்ற உயிரணுக்களோடு நலமுள்ள உயிரணுக்களையும் அழிக்கின்றன. நோயாளியின் முடி உதிர்வதும், உணவு வெறுத்துப்போவதும், குருதியணுக்கள் குறைவதும் பெரும்பாலும் இதனால் நேர்வனவே.

மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என்று வகுத்தார் திருவள்ளுவர். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிலிருந்து அதனைக் கொடுப்பவன் என்பனவே அவை. மருந்தைக் கொண்டு சேர்ப்பவனையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக அவர் எண்ணியது வியக்கத்தக்கது. அவன் நோயாளியின் வாய்வரையில் மருந்தைக் கொண்டு செல்வான். அதன்பின், உடலுக்குள்ளே அதனை வழிநடத்திச் செல்பவர் யார்? இவ்வினாவுக்கு விடை காண்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர்களுள் ஒருவர் அமெரிக்க அறிஞர் இராபர்ட் லாங்கர். அவருடைய வாழ்க்கை மருந்தைப் பற்றி மட்டுமன்றிக் கல்வியைப் பற்றியும் நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றது.

லாங்கர் 1948-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் பிறந்தார். வேதிப்பொறியியல் கற்று, 1974-இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அஃது உலகெங்கும் எண்ணெய்த் தட்டுப்பாடு மிகுந்திருந்த காலம். ஆதலின் வேதிப்பொறியியல் கற்றோரை எண்ணெய் நிறுவனங்கள் போட்டியிட்டு அழைத்தன. லாங்கருக்கும் இருபது அழைப்புகள் வந்தன. எண்ணெய் விளைவை ஆயிரத்தில் ஒரு பங்கு கூட்டினாலும் கோடி கோடியாகப் பொருள் சேரும் என்று அவரிடம் எடுத்துரைத்தனர். ஆனால், தாம் கற்ற கல்வி இதற்குத்தானா என்னும் எண்ணம் அவர் உள்ளத்தை உறுத்தியது. மாணவப் பருவத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் கணிதமும் அறிவியலும் கற்பிக்க உதவியவர் அவர். அத்தகைய பணியை நாடி ஏறத்தாழ நாற்பது கல்லூரிகளுக்கு எழுதினார். ஒன்றிலிருந்தும் மறுமொழி வரவில்லை. பின்னர் மருத்துவ ஆய்வில் இடம் வேண்டிப் பலருக்கு எழுதினார். அங்கும் அதே நிலைதான்.

முடிவில் அவருக்கு இடம் கொடுத்தவர் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன். புற்றுக்கட்டி தான் வளர்வதற்கு வேண்டிய குருதிக் குழாய்களைத் தானே தன்பால் வளரச் செய்கின்றது என்றும், அக்குழாய்கள் வளராமல் தடுத்துவிட்டால் கட்டியும் வளராது என்றும் 1971-இல் கருத்து வெளியிட்டவர் அவர். அக்காலத்தில் அக்கருத்தை ஏற்றோர் சிலர். எள்ளி நகைத்தோர் பலர். குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளைக் குருத்தெலும்பிலிருந்து பிரித்தெடுத்தல் லாங்கரின் வேலையாயிற்று. மருத்துவர் நிறைந்த அவ்விடத்தில் அவர் ஒருவரே பொறியியலார்.

பொருளைப் பிரித்தெடுப்பதோடு வேலை முடியவில்லை. அதன் ஆற்றலை ஆராய முயலின் கண்ணில் சோதனை நடத்தினர். பல நாள்கள் சிறிது சிறிதாக அப்பொருள் அங்கே கசிந்துகொண்டிருத்தல் வேண்டும். அதற்குத் தக்க கலம் வேண்டும். பாலிமர் எனப்படும் நெகிழிப் பொருளுக்குள் மருந்தை வைத்தால் அது மெல்ல வெளிவரும் என்பது முன்னரே தெரிந்ததுதான். ஆயினும் சிறிய மூலக்கூறுகளே அவ்வாறு வெளிவர இயலும் என்றும், புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகள் திண்ணிய பாலிமரை ஊடுருவுதல் சுவரை ஊடுருவி மனிதர் நடப்பதை ஒக்கும் என்றும் அறிஞர் கருதினர்.

லாங்கர் முயன்றார். இருநூறுக்கும் மேற்பட்ட வழிகளில் தோற்றதாக அவரே சொல்வதுண்டு. இறுதியில் வழி ஒன்று புலப்பட்டது. பாலிமருக்குள்ளே, வளைந்து நெளிந்து ஒன்றோடொன்று பிணைந்த மிக நுண்ணிய துளைகள் அமையுமாறு செய்தார். குறுகிய சந்துகளின் வழியே திருவிழாக் கூட்டம் மெல்ல நகர்ந்து வெளியேறுவது போல, பெரிய மூலக்கூறுகளும் அத்துளைகளின் வழியே பல நாள் தொடர்ந்து வெளிவந்தன. 1976-ஆம் ஆண்டு ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழில் லாங்கரும் ஃபோக்மனும் இதனை வெளியிட்டனர்.

உலகம் உடனே பாராட்டியிருக்கும் என்று நாம் எண்ணுவோம். நிகழ்ந்தது வேறு. அவர் ஆராய்ச்சிப் பொருளுதவி வேண்டி எழுதிய முதல் ஒன்பது விண்ணப்பங்களும் மறுக்கப்பட்டன. பொறியியல் கற்றவருக்கு உயிரியல் என்ன தெரியும், புற்றுநோய் என்ன தெரியும் என்பதே அம்மறுப்புகளுள் ஒன்றன் சாரம். பிற்காலத்தில் மூளைக் கட்டிக்கென அவர் வேறொரு பாலிமரைப் படைக்க முற்பட்டபோதும் தடைகள் தொடர்ந்தன. இதனை ஆக்கவே இயலாது என்றனர். ஆக்கியபின், மருந்தோடு கலந்து கெடும் என்றனர். கெடாமை கண்டபின், உடலுக்குத் தீங்கு செய்யும் என்றனர். லாங்கரும் அவர்தம் மாணவர்களும் சொற்போரில் இறங்கவில்லை. ஒவ்வொரு தடைக்கும் ஒவ்வொரு சோதனையால் விடை கூறினர்.

மறுத்தவர்களைப் பழிப்பது என் கருத்தன்று. பொதுமக்களின் பணத்தைக் காப்பவர் ஐயுறுதல் கடமையே. ஐயமே இல்லாத இடத்தில் போலி மருந்துகளே மலியும். ஆயினும், கருத்தை ஐயுறுவது வேறு. கருத்துரைப்பவர் எந்தத் துறையிலிருந்து வந்தார் என்று நோக்கிப் புறந்தள்ளுவது வேறு. முன்னது அறிவு, பின்னது வேலி. மருத்துவர் அறியாத ஒன்றைப் பொறியியலார் அறிந்திருந்தார். பொறியியலார் அறியாத தேவையை மருத்துவர் அறிந்திருந்தார். வேலியைத் தாண்டி இருவரும் ஒரே மேசையின் முன் அமர்ந்த பிறகே புதுவழி பிறந்தது.

அவ்வழியின் பயனை மூளைக் கட்டியின் மருத்துவத்தில் தெளிவாகக் காணலாம். நச்சுப்பொருள்கள் மூளைக்குள் புகாதபடி காக்கும் அரண் ஒன்று இயற்கையில் அமைந்துள்ளது. அது மருந்துகள் பலவற்றையும் தடுத்துவிடுகின்றது. தடையைக் கடக்க வல்ல மருந்தை மிகுதியாக ஊசியிட்டாலோ, நுரையீரலும் எலும்பு மச்சையும் கெடுகின்றன. லாங்கரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஹென்றி பிரெமும் வேறு விதமாகச் சிந்தித்தனர். மருந்து கலந்த சிறு பாலிமர் வில்லைகளை, கட்டியை அகற்றிய அதே பள்ளத்திலேயே பதித்துவிட்டால் என்ன? சோப்புக் கட்டி மேற்பரப்பிலிருந்து கரைவது போல வில்லையும் சிறிது சிறிதாகக் கரையும்; எஞ்சிய நோயணுக்களின் மேல் மருந்து நேரே படியும்; உடலின் பிற பகுதிகள் பெரும்பாலும் தப்பும். இம்முறைக்கு 1996-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. இது கொடிய நோயை முற்றும் ஒழித்துவிடவில்லை. நோயாளியின் வாழ்நாளைச் சில மாதங்கள் நீட்டித்தது. அச்சில மாதங்களின் அருமையை, அவற்றைப் பெற்ற குடும்பங்களே அறியும்.

வில்லையினும் சிறிதாகக் கலத்தைச் செய்ய இயலுமா என்பது அடுத்த வினா. ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறு செய்தால் கிடைக்கும் ஒரு கூற்றினை நானோமீட்டர் என்பர். நம் குருதியின் சிவப்பணு ஒன்றன் அகலம் ஏழாயிரம் நானோமீட்டருக்கு மேற்படும். மருந்து சுமக்கும் நானோத் துகளோ நூறு நானோமீட்டர் அளவினது. ஆனால், அயற்பொருள் எதுவாயினும் அதனைக் கவர்ந்து விழுங்கும் காவலணுக்கள் நம் உடலில் உள்ளன. குருதியில் விட்ட துகள்களைக் கல்லீரலில் உள்ள அவ்வணுக்கள் சிறிது நேரத்திலேயே பிடித்துவிடும். நீரைத் தன்பால் ஈர்த்து நிற்கும் ஒரு வகைப் பாலிமரால் துகளுக்குப் போர்வை அமைத்தால், அது காவலணுக்களின் பிடிக்கு எளிதில் அகப்படாமல் நெடுநேரம் உலவும் என்று லாங்கரின் குழுவினர் 1994-இல் காட்டினர்.

நுண்கலங்களின் பயனை 2020-ஆம் ஆண்டு உலகம் முழுதும் கண்டது. கொரோனாப் பெருந்தொற்றுக்கு எதிராக உருவான தடுப்பூசிகள் சிலவற்றில், தூது ஆர்.என்.ஏ. எனப்படும் மிக மென்மையான பொருள் பயன்பட்டது. காப்பின்றி உடலில் இட்டால் அது நொடியில் சிதைந்துவிடும். கொழுப்பால் ஆன நானோத் துகளே அதனைப் பொதிந்து உயிரணுவிற்குள் சேர்ப்பித்தது. அத்தடுப்பூசிகளுள் ஒன்றை ஆக்கிய மாடர்னா நிறுவனத்தை 2010-இல் தொடங்கியவர்களுள் லாங்கரும் ஒருவர். ஆயினும் இப்புகழ் ஒருவருக்கே உரியதன்று. தூது ஆர்.என்.ஏ.வைத் தக்கவாறு மாற்றியமைத்த கேட்டலின் கரிக்கோ, ட்ரூ வைஸ்மன் ஆகிய இருவரும் 2023-இல் நோபல் பரிசு பெற்றனர். கொழுப்புத் துகளைச் செம்மைப்படுத்தியதில் கனடா நாட்டுப் பீட்டர் கல்லிஸ் முதலியோரின் உழைப்பும் பெரிது. பலர் கூடி இழுத்தாலன்றித் தேர் நிலையை அடையாது.

இத்துறையில் இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று எவரும் எண்ணிவிட வேண்டா. நானோத் துகள்களை விலங்குகளுக்குச் செலுத்திய ஆய்வுகள் பலவற்றை 2016-இல் தொகுத்து நோக்கியபோது, புற்றுக்கட்டியைச் சென்றடைந்தது செலுத்திய அளவில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு என்று தெரிந்தது. எஞ்சியவை இன்னமும் வழியிலேயே தங்கிவிடுகின்றன. அவற்றுக்கு வழி காட்டுதல் இன்று பள்ளியில் பயிலும் மாணவர்க்குக் காத்திருக்கும் பணியாகும்.

சேர வேண்டிய இடம் இன்னொன்றும் உண்டு. மருந்து நோயுற்ற உயிரணுவைச் சேர்ந்தால் மட்டும் போதாது. நோயுற்ற ஏழையின் குடிசையையும் சேர்தல் வேண்டும். நாள் தவறாமல் மருந்துண்ண வேண்டிய நோய்களில், இடையே நிறுத்திவிடுவதால் துன்புறுவோர் பலர். வயிற்றில் விண்மீன் வடிவாக விரிந்து, இரண்டு வாரம் வரையில் அங்கேயே தங்கி மருந்தைக் கசியவிடும் குளிகை ஒன்றினை லாங்கரின் குழுவினர் ஆக்கிப் பன்றிகளிடம் சோதித்து, 2016-இல் வெளியிட்டனர். நாள்தோறும் உண்ண வேண்டியதை ஒரு முறை உண்டால் போதும் என்னும் நிலை வருமாயின், மருத்துவமனை தொலைவிலுள்ள சிற்றூர்களுக்கு அதனினும் பெரிய உதவி யாது? எனினும் அத்தகைய மருந்துகளின் விலை எளியோரின் கைக்கு எட்டாததாயின், அறிஞர் சுருக்கிய தொலைவைப் பொருளாசை மீண்டும் நீட்டிவிடும். அது நேராமல் காத்தல் அரசுகளின் கடமை, சமுதாயத்தின் கடமையுமாகும்.

மாணவர்களே! நல்ல மருந்தாயினும் இடம் தவறினால் பயனில்லை என்று கண்டோம். கல்வியும் அத்தகையதே. லாங்கர் எண்ணெய்த் தொழிலுக்குச் சென்றிருப்பினும் அவர் கற்ற வேதிப்பொறியியல் அதுவேயாக இருந்திருக்கும். சேர்ந்த இடம் மட்டுமே வேறாகியிருக்கும். எண்ணெய்த் தொழிலும் உலகிற்கு வேண்டியதுதான். ஆனால் அங்கே இருபது இடங்கள் அவரை அழைத்தன. மருத்துவமனையிலோ அவர் நின்ற இடத்தை நிரப்ப வேறொருவர் இல்லை. நீவிர் எக்கல்வி கற்றாலும், கற்று முடிந்த நாளில் இதனை நினைந்து பாருங்கள். எவ்விடத்தில் மிகுந்த ஊதியம் கிடைக்கும் என்று உலகம் உங்களுக்குச் சொல்லும். எவ்விடத்தில் உங்கள் அறிவுக்கு மிகுந்த தேவை உள்ளது என்பதை நீங்களே தேடிக் காணல் வேண்டும். சேருமிடம் சேர்ந்த மருந்து நோயைத் தீர்க்கும்; சேருமிடம் சேர்ந்த கல்வி நாட்டின் துயரைத் தீர்க்கும்.