மழலை நாவும் மாற்றார் மொழியும்

ஓசூர்ச் சாலைகளில் காலைப்பொழுதில் இருவகை ஊர்திகள் விரைகின்றன. ஒன்று, தொழிற்சாலை முறைப்பணிக்கு ஆள்களை ஏற்றிச் செல்லும் பேருந்து. மற்றொன்று, மூன்று அகவை நிரம்பியும் நிரம்பாததுமான பச்சிளங் குழந்தைகளை நெருக்கியடித்து ஏற்றிக்கொண்டு ஓடும் பள்ளி ஊர்தி. முன்னதில் செல்வோர் தம் உழைப்பை விற்கச் செல்கின்றனர். பின்னதில் செல்லும் குழந்தைகளோ தம் நாவையே அடகுவைக்கச் செல்கின்றன. சூசூவாடி முதல் சூளகிரி வரை தெருவுக்குத் தெரு முளைத்துள்ள ஆங்கில மழலைப் பள்ளிகளைக் கண்டோர் எவரும் இதனை மிகை என்னார்.

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று மக்கள் வாயில் வழங்கும் இவ்வகுப்புகளில் கற்பிக்கப்படுவன யாவை? மொழி, எண், சூழல், பாட்டு, ஓவியம், உடற்பழக்கம் எனப் பாடப்பட்டியல் நீண்டு கிடக்கிறது. கணக்கில் என்ன கற்றாய் என்று குழந்தையைக் கேட்டால், ஒன்று முதல் நூறு வரையுள்ள ஆங்கிலப் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறது. உடலைப் பற்றிக் கேட்டால் உறுப்புகளின் ஆங்கிலப் பெயர்கள். காய்கனிகளைக் கேட்டால் அவற்றின் ஆங்கிலப் பெயர்கள். நிறங்களைக் கேட்டாலும் அஃதே. ஆக, ஐந்தாறு பாடங்கள் என்று சொல்லிக் கட்டணம் தண்டப்படுகிறது. நடப்பதோ ஒரே பாடம். தெரிந்த பொருளுக்கு வேற்றுப்பெயர் இட்டழைக்கும் அந்த ஒற்றைப் பாடத்தையே ஈராண்டுக் காலம் குழந்தை திரும்பத் திரும்பப் படிக்கிறது. அந்த ஈராண்டில் அது கற்றிருக்கவேண்டிய கணக்கும் சூழலறிவும் எங்கே போயின என்று கேட்பாரில்லை.

எண்ணையே எடுத்துக்கொள்க. எண் என்பது பெயரன்று, அளவு. ஐந்து புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்தாலும் வட்டமாக வைத்தாலும் ஐந்தே என்பதும், ஐந்தில் இரண்டை எடுத்தால் மூன்று நிற்கும் என்பதும் குழந்தை கையால் தொட்டு, வாயால் சொல்லித் தானே துணியவேண்டிய உண்மைகள். புளிக்குப் பேர்போன கிருட்டிணகிரி மாவட்டத்தில் இதற்கெனக் காசு கொடுத்து வாங்கவேண்டிய கருவி ஒன்றுமில்லை. பல்லாங்குழியில் கொட்டைகளைப் பகிர்ந்து போடும் குழந்தை, கூட்டலையும் பகுத்தலையும் எழுத்தறியா முன்னரே செய்து முடித்துவிடுகிறது.

தமிழெண்ணோ தன் பெயரிலேயே கணக்கைக் காட்டுவது. பதினொன்று என்றாலே பத்தும் ஒன்றும். இருபத்துமூன்று என்றாலே இருபதும் மூன்றும். ஆங்கிலத்தில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் உரிய பெயர்களில் பத்து எங்கே ஒளிந்துள்ளது என்று பெரியவர்க்கே தெரியாது. பதின்மூன்று முதல் பத்தொன்பது வரை ஒன்றின் பெயர் முன்னும் பத்தின் பெயர் பின்னுமாகத் தலைகீழாய்க் கிடக்கின்றன. சீனம், சப்பானியம், கொரியம் போன்று எண்ணமைப்பு வெளிப்படையாகவுள்ள மொழிகளைப் பேசும் குழந்தைகள், எண்ணைப் பத்தும் ஒன்றுமாகப் பகுத்துணர்வதில் ஆங்கிலக் குழந்தைகளுக்கு முந்திநிற்பதை 1980-களிலேயே ஆய்வாளர் கண்டெழுதினர். ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் என்னும் மூன்றும் தமிழிலும் இடறுமே எனின், ஆம், இடறும். ஒன்பதுக்குத் தொண்டு என்று பழம்பெயர் இருந்து வழக்கிழந்ததையும், அதனால் நேர்ந்த பெயர்ப்பிறழ்ச்சியையும் பாவாணர் விளக்கியுள்ளார். அம்மூன்றிடத்துக் குழந்தைக்குக் கைகொடுத்தால் போதும். எஞ்சியதை மொழியே கற்பித்துவிடும்.

உடலையும் வீட்டையும் சூழலையும் கற்பிப்பதில் எல்லைப்புறத்துக்கென்றே ஒரு நல்வாய்ப்பு உண்டு. ஓசூர், தளி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளிப் பகுதிகளில் தமிழ்க் குழந்தையும் தெலுங்குக் குழந்தையும் கன்னடக் குழந்தையும் ஒரே தெருவில் ஆடுகின்றன. தமிழ்க் குழந்தைக்குக் கண். கன்னடக் குழந்தைக்குக் கண்ணு. தெலுங்குக் குழந்தைக்குக் கன்னு. மூக்கு என்பது தெலுங்கில் முக்கு, கன்னடத்தில் மூகு. செவி தெலுங்கிலும் செவியே, கன்னடத்தில் கிவி. ஆறு என்னும் எண் மூன்றிலும் ஏறத்தாழ ஒரே ஒலி. வீட்டைத் தெலுங்கர் இல்லு என்பர். கன்னடர் மனெ என்பர். இல்லும் மனையும் ஆகிய இரண்டும் தமிழில் உள. மழையைக் கன்னடர் மளெ என்பர்; தெலுங்கர் வான என்பர்; மழையை வான் என்றே பழந்தமிழும் வழங்கிற்று. திருக்குறளின் வான்சிறப்பு மழையின் சிறப்பேயன்றோ! நல்லாசிரியை ஒருவர் இம்மூன்று குழந்தைகளையும் ஒரே பாயில் அமர்த்தி, மூவர் வாய்ச்சொல்லையும் மாறிமாறி ஒலிக்கச் செய்வாராயின், மொழிநூலார் பொத்தகம் பொத்தகமாக எழுதிக் காட்டிய உறவை அக்குழந்தைகளின் செவியே கண்டுகொள்ளும். நடப்பதோ வேறு. மூவர் சொல்லையும் ஒருசேர வாயடைத்து, மூவர்க்கும் அயலான ஒரு சொல் அவ்வாய்களில் ஊட்டப்படுகிறது. வகுப்பில் தாய்மொழி பேசினால் ஒறுப்பு என்னும் கொடுமையும் ஆங்கிலப் பள்ளிகள் பலவற்றில் நடப்பதே.

பாட்டின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. மழையை இன்று போய் மற்றொரு நாள் வா என்று விரட்டும் ஆங்கிலச் சிறுபாட்டு, தூறல் ஓயாத குளிர்நாட்டில் பிறந்தது. அங்கே அது பொருந்தும். வானம் பார்த்த நிலத்தில் கேழ்வரகும் அவரையும் விதைத்துவிட்டு முகிலை நோக்கி நிற்கும் உழவன் மகனுக்கு அதைக் கையசைத்துப் பாடக் கற்பிப்பது என்ன கல்வி? தன் வீட்டுக் களி எந்தப் பயிரினின்று வருகிறது என்று அக்குழந்தைக்குச் சொல்வாரில்லை. ஆப்பிளின் முதலெழுத்து மட்டும் அதற்கு ஐயமின்றித் தெரியும்.

கற்பிக்கும் முறைதான் அயல்நாட்டுச் சிறப்புடையதோ எனின், அதுவுமில்லை. செருமனியின் பிளாங்கன்பர்க்கில் 1837-இல் புரோபெல் தொடங்கி, 1840-இல் 'குழந்தைகளின் தோட்டம்' எனப் பெயரிட்ட பள்ளியில் நூற்பந்தும் மரக்கட்டையும் குச்சியுமே பாடநூல்கள். மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவி உணர்ந்த பின்னரே குழந்தை எழுதுதல் வேண்டும் என்பது அவர் முறை. தமிழகத்துத் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகியதும் இதனோடு ஒத்ததே. (திண்ணைப் பள்ளி எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்பதும், பிரம்புக்கும் நெட்டுருவுக்கும் பேர்போனது என்பதும் மறைக்கத்தக்கன அல்ல.) இவ்வழிகளுள் எதனையும் ஓசூரின் மழலைப் பள்ளிகளிற் பெரும்பாலானவை பின்பற்றவில்லை. தோட்டம் பெயரில் மட்டுமே உள்ளது. எழுதுகோலைப் பிடிக்கும் விரல்நரம்பே முதிராத குழந்தை நான்குகோட்டுச் சுவடியில் பக்கம் பக்கமாக எழுதுகிறது, வீட்டுப்பாடமும் உண்டு. ஏழாம் அகவையில்தான் பள்ளிப்படிப்பையே தொடங்கும் பின்லாந்து நாட்டார் கல்வியில் எவர்க்கும் பின்தங்கிவிடவில்லை.

விளையாட்டும் கதையும் பாட்டுமாகத் தாய்மொழியில் குழந்தைகளை வளர்க்கும் இடம் தமிழகத்தில் இல்லாமலில்லை. 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் நடுவங்கள் ஊர்தோறும் உள. பெயர்தான் அங்கன்வாடி என்னும் இந்திச்சொல்! 1982-இல் விரிந்த சத்துணவுத் திட்டம் அவற்றுக்கு வலுவூட்டியது. ஆனால் பெற்றோர் கண்ணில் அவை சோறு போடும் இடங்கள். கல்வி வேறெங்கோ விற்கப்படுவது.

அப்பெற்றோரைப் பழிப்பதால் பயனில்லை. 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பின்னர், ஓசூரில் பொறிகளின் பெயர்ப்பலகையும் கையேடும் ஆங்கிலத்தில், நேர்காணல் ஆங்கிலத்தில், மேலாளன் அதட்டுவதும் ஆங்கிலத்தில். நாள்முழுதும் அதன் முன் தலைகுனிந்து நிற்கும் தொழிலாளி, தன் மகனாவது நிமிர்ந்து நிற்கட்டும் என்று கூலியில் ஒரு பங்கை வெட்டிக் கட்டணமாகக் கட்டுகிறான். 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிய இராசாசி பிறந்த தொரப்பள்ளி ஓசூரை அடுத்ததே. அதனை எதிர்த்துச் சிறைப்பட்ட நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிர்நீத்தனர். அன்று வேற்றுமொழி ஆணையால் வந்தது, எதிர்க்க முடிந்தது. இன்று அது பணங்கட்டி வாங்கப்படுகிறது, எவரை எதிர்ப்பது?

அத்தொழிலாளிக்குச் சொல்லவேண்டியது ஒன்றே: மகனுக்கு ஆங்கிலம் வேண்டுமாயின், அதற்கு வழி இதுவன்று. நைசீரியாவின் இபே பல்கலைக்கழகத்தார் 1970-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். தொடக்கக்கல்வி ஆறாண்டையும் யொரூபா என்னும் தாய்மொழியிலேயே அளித்து, ஆங்கிலத்தை அதற்கெனப் பயின்ற ஆசிரியரைக் கொண்டு தனிப்பாடமாகக் கற்பித்தனர். அக்குழந்தைகள் பிற பாடங்களில் முந்திநின்றன, ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே தக்கது என்று யுனெசுகோ 1953-லேயே அறிஞர் குழுவைக் கொண்டு ஆய்ந்து வெளியிட்டிருந்தது.

அரசுகள் இதனை அறியாதன அல்ல. தமிழறிஞர் நூற்றிருவர் 1999-இல் சென்னையில் உண்ணாநோன்பு இருந்ததன் பின்னர், தொடக்க வகுப்புகளில் தமிழையோ தாய்மொழியையோ பயிற்றுமொழியாக்கும் ஆணையைத் தமிழக அரசு அவ்வாண்டிலேயே பிறப்பித்தது. சென்னை உயர்முறைமன்றம் 2000-இல் அதனைத் தள்ளியது. ஓசூருக்கு அப்பால், அத்திப்பள்ளிச் சாவடியைக் கடந்த கருநாடகத்திலும் இதே கதை. நான்காம் வகுப்பு வரை கன்னடமோ தாய்மொழியோதான் பயிற்றுமொழி என்ற அம்மாநிலத்தின் 1994-ஆம் ஆண்டு ஆணையை, இந்தியத் தலைமை முறைமன்றம் 2014-இல் தள்ளிவிட்டது. பயிற்றுமொழியைத் தேர்வது பெற்றோர் உரிமையாம்! காவிரி நீருக்காக எல்லையில் முரண்டு நிற்கும் இரு மாநிலத்தாரும் இவ்வொன்றில் மட்டும் ஒருசேரத் தோற்றுள்ளனர்.

முறைமன்றம் தடுத்தது தனியார் பள்ளியில். அரசின் சொந்தப் பள்ளியில் தாய்மொழியை எவர் தடுத்தார்? 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் திறக்கப்பட்டன. 2019 சனவரியில் 2381 குழந்தைகள் நடுவங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை அரசே தொடங்கிற்று. எஞ்சியிருந்த தாய்மொழித் தோட்டத்துக்கும் அயல்விதை! தனியாரைப் பார்த்து அரசு நாணவேண்டிய இடத்தில், அரசு தனியாரைப் பார்த்து ஒழுகுகிறது.

இனி எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு கேள்வி. தமிழ்க் குழந்தைக்குத் தமிழ் என்பது சரி. தெலுங்குக் குழந்தைக்கும் கன்னடக் குழந்தைக்கும் உருதுக் குழந்தைக்கும் எது? இவ்விடத்துத் தமிழர் நேர்மை தவறலாகாது. மூன்று அகவைக் குழந்தையிடம் அதன் தாய்மொழியைப் பறிப்பது ஆங்கிலத்தால் நடந்தால் கொடுமை, தமிழால் நடந்தால் அறம் என்று சொல்வார் சொல் எங்கும் எடுபடாது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் முதல் வகுப்பிலிருந்து தமிழைப் பாடமாக்கியது. அதற்கெதிராக மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் தேர்வில் விலக்குக் கேட்டு முறைமன்றம் ஏறின. தமிழ்மண்ணில் வாழ்வார்க்குத் தமிழ் வேண்டா என்னும் வழக்கு ஏற்கத்தக்கதன்று. ஆயினும், பத்தாம் வகுப்பில் தேர்வுத்தாளாக முதன்முதல் அச்சுறுத்தும் தமிழை, மூன்றாம் அகவையில் விளையாட்டுப் பாட்டாக அவர்களுக்குக் கொடுத்தார் யார்? தெலுங்குக் குழந்தைக்குத் தெலுங்கிலேயே எண்ணும் சூழலும் கற்பித்து, நாள்தோறும் சிறுபொழுது தமிழ்ப்பாட்டும் தமிழ்க்கதையும் கேட்கச் செய்திருந்தால், முறைமன்றப் படிகளில் ஏறும் நிலையே வந்திராது. ஒடியாவும் வங்காளமும் பேசிக்கொண்டு தொழிற்பேட்டைக் குடியிருப்புகளில் வளரும் வடபுலத் தொழிலாளர் குழந்தைகளுக்கும் இவ்வழியே பொருந்தும்.

செய்யவேண்டியவை அருமையானவை அல்ல. ஓசூர், தளி, கெலமங்கலம், சூளகிரி, வேப்பனப்பள்ளி ஒன்றியங்களின் குழந்தைகள் நடுவங்களில் தமிழோடு தெலுங்கோ கன்னடமோ அறிந்த பெண்களை, அவ்வூர்களிலிருந்தே தேர்ந்து அமர்த்தி, நிலையான ஊதியம் கொடுத்தல் வேண்டும். ஐயாயிரம் உருபா தொகுப்பூதியத்தில் ஒருவரை அமர்த்திவிட்டு மழலைக்கல்வி தந்துவிட்டதாகச் சொல்லலாகாது. முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் பணிசெய்யும் தொழிற்சாலையில் ஆறு அகவைக்குட்பட்ட அவர்தம் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே கூறிற்று. ஓசூர்த் தொழிற்சாலைகளில் பல்லாயிரம் பெண்கள் உழைக்கின்றனர். அவர்தம் காப்பகங்களில் தொட்டிலும் பாலும் மட்டும் இருந்தால் போதாது. தாய்மொழியில் கதை சொல்லவும் பாடவும் ஒருவர் இருத்தல் வேண்டும். கூலி உயர்வுக்கும் முறைப்பணி நேரத்துக்கும் வாதிடும் தொழிற்சங்கங்கள், அடுத்த பேச்சின்போது இக்கோரிக்கையையும் எழுதிச் செல்லுதல் வேண்டும்.