கித்தாருக்குத் திறக்கும் கதவு கானாவுக்குத் திறக்குமா?

லண்டனில் யூனியன் சேப்பல் என்ற பழைய தேவாலயம் இருக்கிறது. அங்கே ஆராதனையும் நடக்கிறது, டிக்கெட் போட்டுக் கச்சேரியும் நடக்கிறது. இண்டி பாடகர் ஒருவர் அங்கே கித்தாரோடு உட்கார்ந்து, தானே எழுதிய பாட்டைப் பாடினால், நாம் யூடியூபில் பார்த்து 'செம வைப்' என்று உருகுகிறோம். அப்படி ஒரு கச்சேரி நம் ராயபுரத்திலும் நடக்கட்டும். ஆனால் அங்கே யார் பாடுவார்?

ராயபுரம் என்ற பெயரே ராயப்பர், அதாவது புனித பேதுருவின் பெயர்தான். அங்குள்ள பேதுரு ஆலயம், துறைமுகம் வருவதற்கு முன் அலையில் இறங்கிப் படகில் சரக்கு ஏற்றி இறக்கிய உழைப்பாளிகளின் கோயில். ராயபுரம் முதல் எண்ணூர் வரை சொந்த வரி, சொந்த மெட்டில் பாடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை நாம் கானா பாடகர்கள் என்கிறோம். 'இண்டி' என்ற சொல் நம் காதில் விழுவதற்கு முன்பே எந்தக் கம்பெனியையும் நம்பாமல் பாடியவர்கள். சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடுவார்கள். ஆனால் ஆராதனையில் அந்தப் பாட்டுக்கு இடமில்லை.

கேட்டால் 'பக்திக்குப் பொருந்தாது' என்பார்கள். ஆர்கன் பொருந்தியது, வயலின் பொருந்தியது, கித்தார் பொருந்தியது, மிருதங்கமும் பொருந்தியது. பறை மட்டும் 'சாவு மேளம்' ஆகிவிட்டது. மிருதங்கத்திலும் மாட்டுத்தோல்தான் இருக்கிறது. அதைச் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றித்தான் டி.எம்.கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதினார். ஆக, தீட்டு தோலில் இல்லை. அடிப்பவரின் சாதியில் பார்க்கிறார்கள்.

இது இன்று வந்த நோயல்ல. கிறிஸ்தவக் கீர்த்தனை மரபின் பெரும்பெயரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், சபைக்குள் சாதி வேறுபாட்டை ஆதரித்து எழுதியவர். வடக்கன்குளத்தில் ஒரே ஆலயத்துக்குள் சாதிக்கொரு பக்கம் என்று பிரித்த சுவர் 1910இல்தான் இடிந்தது.

இந்த நோய்க்கு மருந்தும் நம்மிடமே பிறந்தது. தியாபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்று அழைக்கப்பட்ட தலித் இறையியலாளர், 2005இல் மறைந்தவர். மதுரை இறையியல் கல்லூரியில் இருந்தபடி நாட்டுப்புற மெட்டில், பேச்சுத் தமிழில், பறையோடு வழிபாட்டையே எழுதினார். நற்கருணையை ஒரே உலையில் சமைத்து எல்லோரும் உண்ணும் சோறாகப் பார்த்தார். பாட்டெழுதி, தானே பாடி, ஆலயத்துக்குள் நின்ற அந்தக் கலைஞரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' தன் முதல் மேடையில் கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்துப் பாடியது. சபையின் மைதானம் திறந்தது, மகிழ்ச்சி. ஆனால் மைதானம் வேறு, பீடம் வேறு. சேரிக்கு வெளியே திடல் கொடுத்துவிட்டுக் கருவறையைப் பூட்டுவது நமக்குப் பழகிய கதை.

எனவே தோழர்களே, பழைய ஆலயத்தில் மெழுகுவத்தி ஏற்றி இசைநிகழ்ச்சி என்று அழைப்பு வந்தால் போங்கள், ரசியுங்கள். டிக்கெட் வாங்கும்போதே ஏற்பாட்டாளரிடம் ஒன்று கேளுங்கள்: இதே பீடத்தின் முன் அடுத்த மாதம் பக்கத்துத் தெரு கானா பாடகர் பாடுவாரா? ஞாயிற்றுக்கிழமை பறை ஒலிக்குமா?

பதில் இல்லையென்றால், நீங்கள் கேட்டுவிட்டு வரும் பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அந்த ஆலயத்துக்குள் சுவர் இன்னும் நிற்கிறது என்று பொருள்.