ஓடுகிற லேத்தில் கை வைப்பது எப்படி?

ஓசூரைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் நுழைந்ததும் வருகிற ஊர் அத்திபெலே. எல்லை வளைவு, லாரி வரிசை, சாலையின் உள்ளே தொழிற்பேட்டை. அங்கே லேத்தின் முன் நிற்கும் எந்த டர்னரைக் கேட்டாலும் முதல் பாடம் ஒன்றுதான்: ஓடுகிற மிஷினில் கை வைக்காதே. நிறுத்து, சரி பண்ணு, பிறகு ஓட்டு.

அங்கிருந்து பெங்களூருக்குள் போனால், இந்தப் பாடம் செல்லுபடியாகாத ஒரு தொழிலைப் பார்க்கலாம். பெங்களூர் கோல்ஃப் கிளப் 1876-ல் தொடங்கியது. இன்று இந்தியாவின் முக்கியமான கோல்ஃப் நகரங்களில் பெங்களூரும் ஒன்று. அனிர்பன் லாஹிரி ஆட்டக்காரராக உருவானது இங்கேதான். அதிதி அசோக் பிறந்து வளர்ந்ததும் இங்கேதான். இவர்களுடைய பயிற்சியாளர்கள் செய்கிற வேலை, ஓடிக்கொண்டிருக்கும் லேத்தில் கை வைக்கிற வேலை.

தொழில்முறை கோல்ஃப் போட்டி வழக்கமாக வியாழன் தொடங்கி ஞாயிறு முடியும். தினமும் 18 குழிகள் கொண்ட ஒரு ரவுண்டு. இரண்டு ரவுண்டு முடிந்ததும் ஏறக்குறைய பாதிப் பேரைக் கழித்துவிடுவார்கள். இதற்குப் பெயர் 'கட்'. கட்டில் விழுந்தவருக்குப் பொதுவாகப் பரிசுப் பணம் கிடையாது. பயணம், ஓட்டல், பை தூக்கும் கேடியின் சம்பளம் எல்லாம் சொந்தச் செலவு. வியாழன் காலையில் பந்து வலப்பக்கமாக ஓடத் தொடங்கினால், வெள்ளி மாலைக்குள் அதற்கு வழி கண்டாக வேண்டும். மிஷினை நிறுத்த நேரமில்லை.

இதில் பயிற்சியாளரின் கையைக் கட்டிப் போட விதி ஒன்றும் இருக்கிறது. ரவுண்டு தொடங்கிவிட்டால் ஆட்டக்காரர் ஆலோசனை கேட்கக்கூடிய ஒரே ஆள் அவருடைய கேடி. வேறு யாரிடமாவது, சொந்தப் பயிற்சியாளரே ஆனாலும், எப்படி அடிப்பது என்று கேட்டால் இரண்டு ஸ்ட்ரோக் அபராதம். கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் செய்தி அனுப்பலாம். குத்துச்சண்டையில் சுற்றுக்குச் சுற்று மூலையில் உட்கார வைத்துப் பேசலாம். நாட்டிய மேடையில் நட்டுவனார் பக்கத்திலேயே தாளத்தோடு அமர்ந்திருக்கிறார். கோல்ஃப் குரு மட்டும் கயிற்றுக்கு வெளியே, கூட்டத்தோடு கூட்டமாக, வாயைத் திறக்காமல் நான்கைந்து மணி நேரம் நடக்க வேண்டும். தான் சொல்லிக் கொடுத்தது எந்த இடத்தில் உடைகிறது என்று அவருக்குத் தெரியும். சொல்ல முடியாது.

ஸ்விங் என்பது என்ன? மட்டையைப் பின்னால் தூக்கி, கீழே இறக்கி, பந்தை அடித்து முடிப்பது. இறக்கம் சுமார் கால் விநாடி. மட்டை பந்தைத் தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் யோசித்துத் திருத்துவது மனிதனால் ஆகாது. உடம்பு பழகியதைத்தான் செய்யும். நல்ல ஆட்டக்காரருக்கு அது பல வருடங்களில், லட்சக்கணக்கான பந்துகளில் ஊறிய பழக்கம். அதை மாற்றுவது, வலது கையால் எழுதியவரை இடது கையால் எழுதச் சொல்வது மாதிரி. பயிற்சித் திடலில் எழுத்து அழகாகவே வரும். பரிசு கண்ணெதிரே இருக்கும்போது கை தானாகப் பழைய வழிக்குத் திரும்பும். பாதி பழையதும் பாதி புதியதுமாக ஓர் அடி விழும். பந்து குளத்துக்குள் போகும்.

எனவே விவரம் தெரிந்த பயிற்சியாளர்கள் இரண்டு வேலைகளைத் தனித்தனியே வைத்திருக்கிறார்கள். ஒன்று, அஸ்திவாரத்தையே மாற்றுவது. இதைப் போட்டி வாரத்தில் செய்வதில்லை. மற்றொன்று, வாரத்தை ஓட்டுவது. நிற்கும் திசை சரியா, பந்து காலுக்கு எந்த இடத்தில் இருக்கிறது, பிடி இறுகிவிட்டதா, வேகம் கூடிவிட்டதா என்று ரவுண்டுக்கு முன்னும் பின்னும் பார்ப்பது. பத்துக் குறை கண்ணில் பட்டாலும் ஒன்றை மட்டும் சொல்வது. ஆட்டக்காரர் ஒரு நினைப்போடு டீயில் நின்றால் பிழைப்பார். மூன்று நினைப்போடு நின்றால் அவரால் மட்டையையே தூக்க முடியாது. கல்யாண வீட்டுச் சமையல்காரர் அன்றைக்குச் சாம்பாரில் உப்பைச் சரி பார்ப்பார். புது ரகச் சமையல் கற்றுக்கொள்ள மாட்டார்.

அஸ்திவாரத்தை மாற்றியவர்களின் கதைகள் பிரசித்தமானவை. இங்கிலாந்தின் நிக் ஃபால்டோ 1983-ல் ஐரோப்பாவில் ஐந்து போட்டிகளை வென்று பட்டியலின் உச்சியில் இருந்தார். தன் ஸ்விங் பெரிய போட்டிகளின் நெருக்கடிக்குத் தாங்காது என்று நினைத்து, டேவிட் லெட்பெட்டரிடம் போய் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டார். ஏறக்குறைய இரண்டு வருடம் ஆட்டம் தேய்ந்தது, கேலியும் வந்தது. 1987-ல் பிரிட்டிஷ் ஓபன் கடைசி ரவுண்டில் பதினெட்டுக் குழிகளிலும் பிசகாமல் 'பார்' எடுத்து ஜெயித்தார். டைகர் வுட்ஸ் 1997-ல் மாஸ்டர்ஸ் போட்டியை 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்ற கையோடு புட்ச் ஹார்மனிடம் ஸ்விங்கை மாற்றச் சொன்னார். 1998-ல் அமெரிக்க பி.ஜி.ஏ. டூரில் ஒரே ஒரு வெற்றி. 2000-ல் யு.எஸ். ஓபனை 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றபோது அந்தக் கணக்கு நேராகிவிட்டது.

நம் கதைகள் வேறு மாதிரி. விஜய் திவேச்சா பெங்களூர்க்காரர்களுக்குத் தெரிந்த பயிற்சியாளர். அனிர்பன் லாஹிரி அவருடைய மாணவர். பிடதி அருகே ஈகிள்டன் மைதானத்தை ஒட்டிய கிராமத்திலிருந்து பந்து பொறுக்க வந்த சிறுவன் சிக்கரங்கப்பாவைத் தொழில்முறை ஆட்டக்காரராக வளர்த்தவரும் அவர்தான். லாஹிரி 2015 பிப்ரவரியில் மலேசிய ஓபனையும் இந்திய ஓபனையும் ஒரே மாதத்தில் வென்றார். அந்த ஆகஸ்டில் அமெரிக்க பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் ஐந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அக்டோபரில் கொரியாவில் நடந்த பிரசிடென்ட்ஸ் கோப்பையில், கடைசிக் குழியில், சில அடி தூர 'பட்' ஒன்று விளிம்பைச் சுற்றி வெளியே வந்தது. அந்த இடத்தில் எந்தக் குருவாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. பிறகு அமெரிக்காவில் வெற்றியில்லாத பல வருடங்கள். 2022 மார்ச்சில் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் இரண்டாமிடம், பரிசு 21.8 லட்சம் டாலர். இந்தத் தொழிலில் ஒரு நல்ல வாரம் பல வருடக் காத்திருப்புக்குக் கூலி கொடுத்துவிடும். அந்த வாரம் வரும் வரை பிடித்து வைப்பதுதான் குருவின் வேலை.

அதிதியின் கதையில் இன்னொரு பாடம். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் 2021-ல் நடந்தபோது அவர் கொரோனாவிலிருந்து மீண்டு அதிக நாளாகவில்லை. உடம்பில் பலம் குறைந்து, அவருடைய பந்து எதிராளிகளுடையதைவிட வெகு தூரம் பின்னால் விழுந்தது. போட்டி நடுவே தூரத்தைத் தேடி ஸ்விங்கை முறுக்கியிருந்தால் இருந்ததும் போயிருக்கும். அம்மா மகேஸ்வரி கேடியாகப் பை சுமக்க, தன்னிடமிருந்த பட்டிங்கை நம்பி ஆடினார். ஒரே ஸ்ட்ரோக்கில் வெண்கலம் தவறி நான்காமிடம். தூரத்தைக் கூட்டும் உழைப்பை அவர் போட்டியில்லாத மாதங்களுக்கு வைத்துக்கொண்டார். 2023 பிப்ரவரியில் கென்யாவிலும் நவம்பரில் ஸ்பெயினிலும் பட்டம் வென்றார். இடையில் ஹாங்சோ ஆசியப் போட்டியில் ஏழு ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசி நாளில் இறங்கி, 77 அடித்து வெள்ளியோடு திரும்பினார். நன்றாகப் பழகிய ஸ்விங்கும் சில நாட்களில் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

இனி, பேசப்படாத விஷயம். ஃபால்டோவும் வுட்ஸும் மிஷினை நிறுத்திப் பிரித்துப் போட்டபோது வீட்டில் உலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது. வங்கியில் பணம் இருந்தது, விளம்பரதாரர் இருந்தார். நம் ஊர்த் தொழில்முறை ஆட்டக்காரர்களில் கணிசமானவர்கள் பை தூக்கி வந்தவர்கள். கேடியாக இருந்த அலி ஷேர் 1991-ல் இந்திய ஓபனை வென்றார். அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அவர். பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-ல் அதே பட்டத்தை பிளே-ஆஃப் ஆடி வென்றார். சீமான்களின் பைகளைச் சுமந்தபடி அவர்களின் ஆட்டத்தைப் பார்த்தே கற்றவர்கள். இவர்களிடம் போய், உன் ஸ்விங்கில் கோளாறு, ஒரு வருடம் தோற்றால் சரியாகிவிடும் என்று சொல்ல எந்தப் பயிற்சியாளருக்கு மனசு வரும்? அந்த ஒரு வருடத்து அரிசி யார் கொடுப்பது? ஆகவே ஒட்டுப் போட்டு ஓட்டுகிறார்கள். ஒட்டு தாங்கும் வரை தாங்குகிறது.

தொழில்முறை கோல்ஃபை நடத்தும் பி.ஜி.டி.ஐ. அமைப்பு 2006-ல் தொடங்கியது. போட்டிகள் பெருகின, பரிசுத் தொகையும் பெருகியது. அந்தப் பரிசுத் தொகையில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, கேடிகளாக இருந்து மேலே வரும் இளைஞர்களில் ஆண்டுக்குச் சிலருக்காவது ஆறு மாதச் சம்பளமும் பயிற்சியாளரும் தரலாம். அதாவது, தோற்பதற்கு அவர்களுக்கு அவகாசம் வாங்கித் தரலாம். ஜெயித்தவருக்குக் கொடுக்கிற காசோலையைவிட இது அதிகப் பலன் தரும்.

அத்திபெலேயில் ஒரு லேத் பழுதானால், அதை நிறுத்தி வைக்கிற நாட்களின் நஷ்டத்தை முதலாளி ஏற்கிறார். டர்னரின் வயிற்றில் அடித்துப் பழுது பார்ப்பதில்லை. கோல்ஃபில் லேத்தும் டர்னரும் முதலாளியும் ஒரே ஆளாக இருப்பதுதான் சிக்கல்.