சுள்ளிகளுக்குள் ஒரு நூலகம்!

எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில் சுவரை ஒட்டி எப்போதும் விறகு அடுக்கியிருக்கும். ஐப்பசி மழைக்குள் அது ஆள் உயரத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது பாட்டியின் கணக்கு. சீனாவின் லியுவான் நூலகப் படங்களை முதன்முதலில் பார்த்தபோது, எனக்கு அந்தக் கொல்லைதான் ஞாபகம் வந்தது.

பெய்ஜிங்கிலிருந்து காரில் சுமார் இரண்டு மணி நேரம் போனால், ஹுவாய்ரோ மலைப்பகுதியில் ஜியாவோஜியேஹே என்ற குட்டிக் கிராமம் வரும். அங்கே நூலகம் கட்ட வந்தவர் லி ஷியாவோதோங். சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பேராசிரியர். ஊரில் வீட்டுக்கு வீடு அடுப்புக்காக அடுக்கி வைத்திருந்த சுள்ளிகள் அவர் கண்ணில் பட்டன. அதையே கட்டடத்துக்குச் சட்டையாகப் போட்டுவிட்டார்!

இரும்புச் சட்டம், கண்ணாடிச் சுவர், அதை மூடினாற்போல் வெளியே சுமார் 40,000 சுள்ளிகள். 2011-ல் வேலை முடிந்தது. மொத்தப் பரப்பு 175 சதுர மீட்டர். நம் கணக்கில் 1,900 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. மலையும் மரமும் சூழ்ந்த இடத்தில், தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடம் இருப்பதே தெரியாது.

உள்ளே மரப்படிகள் ஏறி இறங்குகின்றன. படியிலேயே உட்கார்ந்து படிக்கலாம்; கை நீட்டினால் அலமாரி. மின்விளக்கு கிடையாது. சுள்ளி இடுக்குகளில் வடிகட்டி வரும் வெயில்தான் வெளிச்சம். பொழுது சாய்ந்தால் நூலகத்துக்கும் விடுமுறை!

2014-ல் கனடாவின் மொரியாமா பரிசு, 1 லட்சம் கனடிய டாலருடன் இந்தக் கட்டடத்தைத் தேடி வந்தது. அந்தப் பரிசின் முதல் வெற்றியாளர் இதுதான். சுற்றுலாக் கூட்டமும் வரத் தொடங்கியது.

ஆனால், 2017-ல் ஒரு சிக்கல். பெரும்பாலும் பார்வையாளர்கள் நன்கொடையாகத் தந்த புத்தகங்களால் நிறைந்த அலமாரி அது. அதில் திருட்டுப் பதிப்புகளும் ஆபாசப் புத்தகங்களும் இருப்பதாகச் செய்தி வெளியாக, நூலகத்தை மூட வேண்டியதாயிற்று. உலகமே கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அலமாரியைப் பார்க்க ஆள் இல்லாமல் போய்விட்டது.

பாட்டி விறகு அடுக்கும்போது, ஈரமானதைத் தனியே எடுத்து வெயிலில் போடுவார். செல்லரித்ததைத் தூக்கி எறிவார். நூலகத்துக்கும் அப்படி ஒரு கை வேண்டும்.

உங்கள் ஊர் நூலகத்தில் அந்தக் கை யாருடையது? அடுத்த முறை போகும்போது, அவரிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்களேன்!